தண்ணிக்குள்ளே எப்படி மூச்சு விடும்? ஏரியைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரே ஒரு கேள்வி

நீர்வாழ் உயிரினங்கள் என்றதும் நாம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெயர்களைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். மீன், தவளை, ஆமை, நண்டு, தாமரை, அல்லி. படத்தைக் காட்டினால் யூகேஜி பிள்ளைகூடக் கடகடவென்று ஒப்பித்துவிடும். அதே பிள்ளையை ஏற்காடு ஏரிக்குக் கூட்டிப்போனால் படகில் ஒரு சுற்று, மிளகாய் பஜ்ஜி, பொம்மைக் கடை, அப்புறம் வீடு. காலடியில் இருந்த தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்த்திருக்காது. பிள்ளை மேல் தப்பில்லை. பெயர் தெரிந்துவிட்டால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றிவிடுகிறது.

பெயருக்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கையில் கொடுத்துப் பாருங்கள்: "இது எப்படி மூச்சு விடுது?"

மூச்சு எல்லாப் பிள்ளைக்கும் சொந்த அனுபவம். கிணற்றிலோ தொட்டியிலோ மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கிய பிள்ளைக்கு, தண்ணீருக்குள் ரொம்ப நேரம் இருக்க முடியாது என்பது உடம்புக்கே தெரியும். அப்படியானால் மீன் எப்படி இருக்கிறது? தவளை? சேற்றுக்குள் கிடக்கும் தாமரைக் கிழங்கு? இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போனால் மீனும் கொசுவும் கோரையும், சேலத்தில் ஓடும் திருமணிமுத்தாற்றின் நாற்றமும்கூட ஒரே கதைக்குள் வந்துவிடும். நாலு வயசிலிருந்து பத்து வயசு வரை எந்தப் பிள்ளையிடமும் இதைக் கேட்கலாம். வயசுக்கு ஏற்ப பதிலை நீட்டிக்கொள்ளலாம், குறைத்துக்கொள்ளலாம்.

தண்ணீருக்குள் காற்று இருக்கிறதா?

இருக்கிறது. கரைந்து இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளை நம்பாது, காட்ட வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்து வெயிலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து உள்பக்கச் சுவரில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் ஒட்டியிருக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக, கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. ஒரே டம்ளரில் இரண்டு பாடம் கிடைத்துவிட்டது: தண்ணீரில் காற்று கரையும், சூடான தண்ணீரில் குறைவாகத்தான் கரையும்.

எவ்வளவு கரையும் என்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு 21 பங்கு ஆக்சிஜன். எடைக் கணக்கில் பார்த்தால் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம். அதே ஒரு லிட்டர் தண்ணீரில், 25 டிகிரி வெப்பத்தில், காற்றிலிருந்து கரைந்து சேரக்கூடியது சுமார் 8 மில்லிகிராம்தான். முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஏரியில் இத்தனை உயிர்கள் குடும்பம் நடத்துகின்றன என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம்.

ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை ஒன்று கேட்கும்: "தண்ணீரே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்ததுதானே, மீன் அந்த ஆக்சிஜனை எடுத்துக்கும்ல?" எடுக்க முடியாது. தண்ணீரின் மூலக்கூறுக்குள் கட்டுண்டு கிடக்கும் ஆக்சிஜன் மூச்சுக்கு உதவாது. வெளிக் காற்றிலிருந்து வந்து கரைந்தது, நீருக்குள் வளரும் செடிகள் வெயிலில் விட்டது, இந்த இரண்டும்தான் உதவும். தண்ணீர் அலைந்தால் காற்று அதிகம் கலக்கும். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர் கிளியூர் அருவியில் பாறை மேல் விழுந்து வெள்ளையாக நுரைக்கிறதே, அந்த வெள்ளை முழுக்கக் காற்றுதான்.

"அப்படின்னா மலை மேலே குளிர் ஜாஸ்தி, ஏற்காட்டுத் தண்ணியில ஆக்சிஜனும் ஜாஸ்தியா?" என்று கேட்கும் பிள்ளையைத் தட்டிக் கொடுங்கள். பாதி சரி. குளிர்ந்த தண்ணீர் அதிகம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கரைவதும் குறையும். குளிரால் கூடுவதை உயரம் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது.

செவுள்

மீன் வாங்கும்போது நம் வீட்டில் எல்லோரும் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். சிவப்பாக இருந்தால் புதுசு. அடுத்த தடவை பிள்ளையையும் கூடவே அழைத்துப்போய் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ரத்தம். மெல்லிய தோலுக்கு அடியிலேயே ரத்தம் ஓடுகிறது. மீன் வாயைத் திறந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது, அந்தத் தண்ணீர் செவுளின் இழைகளுக்கு நடுவே புகுந்து, பக்கத்து மூடி வழியாக வெளியே போகிறது. போகிற போக்கில் கரைந்த ஆக்சிஜன் ரத்தத்துக்கு மாறிவிடுகிறது. தண்ணீர் ஒரு திசையில், ரத்தம் எதிர்த் திசையில் ஓடுவதால் பிழிந்தெடுப்பதும் நன்றாக நடக்கிறது. நம் நுரையீரல் உள்ளே போன ஆக்சிஜனில் கால்வாசியைத்தான் எடுக்கும். சில மீன்கள் முக்கால் பங்குக்கு மேலும் எடுத்துவிடும்.

சரி, செவுளில் ஆக்சிஜன் எடுக்கத் தெரிந்த மீன், ஆக்சிஜன் கொட்டிக் கிடக்கும் காற்றில் ஏன் சாகிறது? இதைப் பிள்ளையே யோசிக்கட்டும், உடனே பதில் சொல்லாதீர்கள். தண்ணீருக்குள் முங்கினால் நம் தலைமுடி தனித்தனியாக விரிந்து மிதக்கும், வெளியே வந்ததும் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். செவுள் இழைகளுக்கும் அதேதான். தண்ணீர் தாங்கிப் பிடிக்காவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிடும்.

மேட்டூர் மீன் விற்கும் கடையில் கட்லாவும் ரோகுவும் ஐஸில் கிடக்க, பக்கத்து அன்னக்கூடையில் கையளவு தண்ணீரில் விரால் மட்டும் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். "ஏங்ண்ணா, இது மட்டும் சாகலையா?" என்று பிள்ளை கேட்டால், "விரால் சாகாது கண்ணு, ஈரமிருந்தாப் போதும், அப்படியே கெடக்கும்" என்பார் கடைக்காரர். சரியாகத்தான் சொல்கிறார். விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைக்கும் ஓர் அறை உண்டு. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு போகும். எடுத்தே ஆக வேண்டும். மேலே வரவிடாமல் வலையில் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீன் மூழ்கிச் சாகும் என்று கேட்டதும் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்க வேண்டும். தேளியும் பனையேறிக் கெண்டையும் இதே சாதி. வண்ண மீன் கடையில் சின்ன பாட்டிலுக்குள் ஃபைட்டர் மீனை அடைத்து விற்கிறார்களே, அதுவும் மேல் காற்றை எடுக்கத் தெரிந்த மீன் என்பதால்தான் தாக்குப்பிடிக்கிறது. அதற்காக பாட்டிலில் அடைப்பது சரி என்று ஆகிவிடாது.

விராலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏரிக்கரை ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பொடிமீன்கள் ஒரே கூட்டமாக மேலே வந்து வந்து போவதைப் பார்த்தால் அது விரால் குஞ்சாக இருக்கலாம். அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தை வடிகட்டியால் அள்ள வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

வெள்ளைத் தட்டில் ஓர் ஏரி

மீனைவிடப் பிள்ளைகளை அதிகம் கட்டிப்போடுவது பூச்சிகள்தான் என்பது என் அனுபவம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு அல்லது பழைய ஐஸ்கிரீம் டப்பா, ஒரு டீ வடிகட்டி, முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடி. கரையோரம் செடிகள் இருக்கும் இடத்தில் தண்ணீரை அள்ளித் தட்டில் ஊற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். பிள்ளை "ஒண்ணுமில்லைம்மா" என்று எழுந்துகொள்ளப் பார்க்கும். மண் அடியில் படியப் படிய, ஒவ்வொன்றாக நகர ஆரம்பிக்கும்.

முதலில் கண்ணில் படுவது கொசுப்புழு. தலைகீழாகத் தொங்கும். வால் பக்கத்தில் ஒரு குட்டிக் குழாய், அதன் நுனி நீர்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூச்சு அதன் வழியாகத்தான். தட்டை லேசாகத் தட்டுங்கள், நெளிந்து அடிக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் வேறு வழியில்லாமல் மேலே வந்துவிடும். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழுவுக்கு அந்த நீளக் குழாய் கிடையாது, அதனால் மட்டத்தோடு மட்டமாகப் படுத்துக் கிடக்கும். நகராட்சிக்காரர்கள் தேங்கிய தண்ணீரில் எண்ணெய்ப் பந்து போடுவது எதற்கு என்று இப்போது கேட்டால், ஏழு வயசுப் பிள்ளையே சொல்லிவிடும்: எண்ணெய்ப் படலம் மூச்சுக் குழாயை அடைத்துவிடும்.

அடுத்தது தட்டான் குஞ்சு. இதை நிதானமாகக் காட்ட வேண்டும். பறக்கும் தட்டானைத் தெரியாத பிள்ளை இல்லை, ஆனால் அதன் இளமைக்காலம் முழுக்கத் தண்ணீருக்குள்தான் என்பது பெரும்பாலும் அம்மா அப்பாவுக்கே தெரியாது. மண் நிறத்தில், ஆறு காலோடு, அகன்ற வயிறோடு, இறக்கை இல்லாமல் தட்டின் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். குப்பை என்றே நினைத்துவிடுவோம். அதன் வால் நுனிக்குப் பின்னால் கிடக்கும் பொடி மண்ணைக் கவனியுங்கள். மண்துகள்கள் ஒரு சீராக விலகி விலகி வரும். பூச்சி பின்பக்கத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் செவுள் இருப்பது குடலின் கடைசிப் பகுதிக்குள். ஆமாம், பின்பக்கமாகத்தான் மூச்சு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சிரிக்கட்டும், ஆயுசுக்கும் மறக்காது. ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால், உள்ளே இருந்த தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு அந்த வேகத்திலேயே முன்னால் பாயும். மூச்சுக்கும் அதே வழி, ஓட்டத்துக்கும் அதே வழி.

அதிர்ஷ்டம் இருந்தால் அது இரை பிடிப்பதையும் பார்க்கலாம். தட்டில் கொசுப்புழு ஒன்று பக்கத்தில் நெளிந்தால், முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் உதடு கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு, கவ்வி, உள்ளே இழுத்துவிடும். கொசுவைப் புழுவாக இருக்கும்போது தண்ணீரிலும், பறக்கும்போது காற்றிலும் தின்பது தட்டான். ஊசித்தட்டானின் குஞ்சு வேறு மாதிரி: ஒல்லியாக, வால் முனையில் மூன்று மெல்லிய இலைகளோடு இருக்கும். அந்த மூன்றும் அதன் செவுள். வளர்ந்து முடித்ததும் இரண்டுமே செடித்தண்டில் ஏறி, தோலை உரித்துவிட்டு, இறக்கையோடு பறந்துவிடும். உரித்த கூடு சம்பு, கோரைத் தண்டுகளில் ஒட்டியபடியே கிடக்கும். கரையோரச் செடிகளைக் காலையில் தேடினால் கிடைக்கும், வீட்டுக்கு எடுத்து வரலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

நீர்வண்டு இறக்கை மூடிக்கு அடியில் காற்றைச் சுமந்துகொண்டு முங்கும். தட்டையான பழுப்பு நீர்ப்பூச்சி ஒன்று உண்டு, முதுகு முழுக்க முட்டை ஒட்டிக்கொண்டு திரியும். முட்டையைச் சுமப்பது ஆண். பெண் அதன் முதுகில் இட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும் மூச்சு வேண்டுமே, அதற்காக அப்பா பூச்சி அடிக்கடி மேலே வந்து முதுகைக் காற்றில் காட்டிவிட்டுப் போகும். இந்தப் பூச்சி கடித்தால் சுருக்கென்று வலிக்கும், கையில் எடுக்க வேண்டாம்.

நத்தையை மறக்கக் கூடாது. வயலிலும் ஏரியிலும் இருக்கும் பெரிய உருண்டை நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. நல்ல தண்ணீரில் செவுள் போதும். தண்ணீர் கெட்டுப்போனால் ஒரு குழலை மேலே நீட்டிக் காற்றை இழுக்கும். கோடையில் ஏரி வற்றினால் மண்ணுக்குள் இறங்கி, கூட்டின் கதவை இறுக மூடிக்கொண்டு மழை வரும்வரை கிடக்கும். பறவைகள் அப்படி இல்லை, நீர் வற்றினால் வேறு ஏரி பார்த்துப் பறந்துவிடும்.

தலைப்பிரட்டைக்கு வருவோம். இது மூச்சை மாற்றிக்கொள்ளும் பிராணி. முட்டையிலிருந்து வரும்போது செவுள். பின்னங்கால் முதலில் முளைக்கும், அப்புறம் முன்னங்கால். அதற்குள் நுரையீரல் தயாராகிவிடும். வால் கழன்று விழுவதில்லை, உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொள்கிறது; அந்த நாட்களில் அது சாப்பிடக்கூடச் செய்யாது. பெரிய தவளை நுரையீரலோடு ஈரத் தோல் வழியாகவும் மூச்சு விடும். காய்ந்த கையால் தவளையைப் பிடிக்கக் கூடாது என்பதற்கும், ஏரியில் சோப்பு, பூச்சிமருந்து கலந்தால் தவளை முதலில் அவதிப்படும் என்பதற்கும் அந்தத் தோல்தான் காரணம்.

ஆமை, தண்ணீர்ப் பாம்பு, முக்குளிப்பான், நீர்க்காகம் எல்லாம் நம்மைப் போல நுரையீரல்காரர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, மேலே வந்து விடுவார்கள். சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் நின்று முக்குளிப்பான் முங்கியதும் பிள்ளையையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். யார் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று போட்டி வைக்கலாம். அது எந்த இடத்தில் எழும் என்று ஊகிப்பது இன்னொரு விளையாட்டு. ஏரிக்குள் இருக்கும் மண் திட்டுகளில் நீர்க்காகம் இறக்கையை விரித்தபடி நிற்பதும் அங்கே சாதாரணக் காட்சி. அதன் இறகு தண்ணீரில் நனையும் இறகு. நனைந்தால்தான் ஆழத்தில் முங்குவது சுலபம், முங்கிய பிறகு காயவைத்தாக வேண்டும்.

செடிக்கும் மூச்சு உண்டு

பெரும்பாலான பெற்றோர்கள் விட்டுவிடும் இடம் இது. செடி ஆக்சிஜன் விடும் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். செடிக்கும் ராத்திரி பகல் எந்நேரமும் மூச்சு வேண்டும், குறிப்பாக வேருக்கு. ஏரிச் சேற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்காது. கருப்பாக, அழுகிய முட்டை வாசம் அடிக்கிறதே, அதுதான் அடையாளம். அந்தச் சேற்றுக்குள் தாமரைக் கிழங்கு எப்படி உயிரோடு கிடக்கிறது?

பூக்கடையில் நீளத் தண்டோடு ஒரு தாமரை வாங்குங்கள். தண்டை நறுக்கினால் உள்ளே வட்ட வட்டமாக ஓட்டைகள் தெரியும். ஒரு சாண் துண்டு எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் பிள்ளையை ஊதச் சொல்லுங்கள். குமிழ் வரும். ஊதும் முனையை முதலில் நன்றாகக் கழுவிவிடுங்கள். இலைக்காம்பிலும் இதே ஓட்டைகள்தான். இலையில் நுழையும் காற்று அவற்றின் வழியே இறங்கிச் சேற்றில் கிடக்கும் கிழங்கு வரை போகிறது. காற்று நுழையும் துளைகள் நிலத்துச் செடிகளில் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கம் இருக்கும். தாமரைக்கும் அல்லிக்கும் மேல்பக்கம். அடிப்பக்கம் தண்ணீர் என்றால் வேறு எங்கே வைக்கும்? தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதால் அந்தத் துளைகள் அடைபடுவதும் இல்லை.

கோரையை நறுக்கினால் உள்ளே வெள்ளையாகப் பஞ்சு. சம்புத் தாளுக்குள் சின்னச் சின்ன அறைகள். எல்லாம் காற்று போகும் வழி. வெங்காயத்தாமரையின் உப்பிய காம்பை அமுக்கிப் பார்த்தால் அதிலும் காற்று, அதை வைத்துத்தான் மிதக்கிறது. ஆகாயத்தாமரை என்றே பலரும் சொல்லும் இந்தச் செடி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஊதாப் பூ அழகுதான். ஆனால் ஏரியை இடைவெளி இல்லாமல் மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது, காற்றும் கலக்காது, அடியில் இருக்கும் உயிர்களுக்கு மூச்சுத் திணறும்.

முழுக்க முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே வளர்வது வேலம்பாசி, பள்ளிப் புத்தகத்தில் ஹைட்ரில்லா என்று வரும். கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு போட்டு வெயிலில் வைத்தால் தண்டிலிருந்து குமிழ்கள் வரிசையாக மேலே போகும். அது ஆக்சிஜன். நிழலுக்கு மாற்றினால் குமிழ் குறையும். ராத்திரியில் ஆக்சிஜன் விடுவது நின்றுபோகும், எடுப்பது மட்டும் நடக்கும். அதனால்தான் பாசி மண்டிய குளங்களில் விடியற்காலையில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அந்த நேரத்தில் பார்க்கலாம். மீன் பண்ணை வைத்திருப்பவர்கள் விடியும் முன் மோட்டாரை ஓட்டித் தண்ணீரைக் கலக்கிவிடுவது இதற்காகத்தான்.

கல்லுக்கு அடியிலும் சாக்கடையிலும்

இப்போது பிள்ளையிடம் கேள்வி பழகியிருக்கும். இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, சேர்வராயன் மலையில் ஓடும் ஏதாவது ஒரு சின்ன ஓடை. கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஒரு கல்லைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். வால் பக்கம் நீளமாக இழை நீட்டிய சின்னப் பூச்சி ஓடும், வயிற்றின் இரண்டு பக்கமும் செவுள்கள் படபடக்கும். மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு அது. மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் இருக்கும் புழுவும் கிடைக்கலாம். ஓடை நண்டும் இருக்கும். நண்டுக்குச் செவுள் ஓட்டுக்குள் ஈரமாக மூடியிருப்பதால் மழை நாளில் கரையேறி நடந்து போக முடிகிறது. நன்னீர் நண்டின் குஞ்சுகள் பிறக்கும்போதே குட்டி நண்டுகள்தான். தாய் வயிற்று மடிப்புக்குள் வைத்துச் சுமக்கும். பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும், அது ஒரு வீட்டின் கூரை.

இன்னொன்று, அதே மலையில் பிறந்து சேலம் நகருக்குள் வந்து, பிறகு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு. ஊருக்குள் அது எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். சாக்கடையும் சாயக் கழிவும் சேர்ந்த கருப்புத் தண்ணீர். இறங்க வேண்டாம், பாலத்தின் மேல் நின்று கேட்டால் போதும்: "இதுக்குள்ளே யாரால மூச்சு விட முடியும்?"

கழிவு தண்ணீரில் விழுந்ததும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதைத் தின்று பெருகுகின்றன. அவையும் மூச்சு விடும். கரைந்திருந்த கொஞ்சம் ஆக்சிஜனையும் அவையே தீர்த்துவிடுகின்றன. செவுளை நம்பிய மீன் போய்விடும், மேஃப்ளை போய்விடும், தட்டான் குஞ்சு போய்விடும். மிஞ்சுவது யார்? மேலே இருக்கும் காற்றைக் குழாய் வைத்து இழுக்கத் தெரிந்த கொசுப்புழு. அடியில் சிவப்பாக நெளியும் ரத்தப்புழு. அதன் உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் கிடைக்கும் துளி ஆக்சிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கொசுவைத் தின்னும் அத்தனை பேரையும் மூச்சுமுட்ட வைத்துவிட்டு, கொசுவுக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறோம். சாக்கடையில் ஏன் கொசு, ஓடையில் ஏன் தட்டான் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. எட்டு வயசுப் பிள்ளைக்கு இது முழுசாகப் புரியும். புரிந்த பிள்ளை கேட்கும் அடுத்த கேள்விக்கு, யார் இப்படி விட்டது என்பதற்கு, பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

கூட்டிப்போகும்போது

ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். நம் பக்கத்து ஏரிகளில் மண் எடுத்த குழிகள் உள்ளே மறைந்திருக்கும், கரையில் முழங்கால் ஆழம் என்று நம்பி இறங்கக் கூடாது. கரையில் குந்தி உட்கார்ந்து அள்ளினாலே எல்லாம் கிடைக்கும். மேட்டூர், ஒகேனக்கல் பக்கம் காவிரியில் முதலை உண்டு. அங்கே இந்த வேலை வேண்டவே வேண்டாம். மழை நாளில் மலை ஓடைக்குள் போகாதீர்கள், மேலே பெய்த மழை கீழே திடீரென்று வரும். தண்ணீர்ப் பாம்புக்கு விஷமில்லை, ஆனால் பிள்ளைக்கு எது எந்தப் பாம்பு என்று தெரியாது, எல்லாப் பாம்புக்கும் ஒதுங்கி நிற்கப் பழக்குங்கள். திரும்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தட்டை நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று டம்ளர் சோதனை செய்த பிள்ளையே சொல்லும். கால் மணி நேரத்துக்குள் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஆமையை வீட்டுக்குக் கொண்டுவருவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுத் தொட்டி மீன் சலித்துப்போனால் ஏரியில் கொண்டுபோய் விடும் வழக்கம் இருக்கிறது, அதையும் செய்யக் கூடாது. வெளியிலிருந்து வந்த மீன் ஊர் மீனின் முட்டையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ஏரிக்குப் போக முடியாதவர்கள் மொட்டைமாடியில் ஒரு தொட்டி வைக்கலாம். அடியில் நாலு விரல் வண்டல் மண், ஒரு அல்லிக் கிழங்கு, கொஞ்சம் வேலம்பாசி, அப்புறம் கொசுப்புழுவைத் தின்னும் நாலைந்து குப்பி மீன். மீன் இல்லாமல் தொட்டி வைத்தால் டெங்கு கொசுவை வளர்க்கிறோம் என்று அர்த்தம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், குளோரின் போகட்டும். காலை எழுந்ததும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றனவா என்று பார்ப்பது பிள்ளையின் வேலை. நின்றால் பாசி அதிகம், அல்லது மீன் அதிகம், அல்லது போட்ட தீனி அழுகுகிறது. பாசியைக் கொஞ்சம் அள்ளிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் மீன்கள் தெளிந்து கீழே இறங்கிவிடும்.